ரெஸ்யூமே எழுதுவது எப்படி? முதல் வேலைக்கும் அடுத்த வேலைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ரெஸ்யூமேவைக் கையில் எடுப்பவர் முதல் பார்வையில் தேடுவது மூன்றே விஷயங்கள்: இவர் இப்போது என்ன வேலை பார்க்கிறார், எத்தனை வருடமாக, நாம் கேட்ட வேலை இவருக்குத் தெரியுமா. முதல் பக்கத்தின் மேல் பாதியில் இவை கிடைக்கவில்லை என்றால் மீதியை அவர் படிப்பது சந்தேகம். படித்துப் பிடித்துப்போய் நேர்காணலுக்கு அழைத்துவிட்டால் அதே தாளுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் பிறக்கும். அதாவது, உங்கள் நேர்காணலுக்கான கேள்வித்தாளை நீங்களே தயாரித்துக் கொடுக்கிறீர்கள். பதில் தெரியாத கேள்வியைத் தன் கேள்வித்தாளில் யாராவது வைப்பார்களா? கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் இதுதான் அளவுகோல்.

தமிழ்நாட்டில் தனியார் வேலை தேடும் பட்டதாரிகள், டிப்ளமோ முடித்தவர்கள், ஐந்தாறு வருட அனுபவம் வரை உள்ளவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்பட்டது. ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் போகும். மாதிரி வரிகளை இங்கே தமிழில் தருகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் விஷயம் இதுவே. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குக் கேட்கும் நீண்ட சிவி வேறு வகை. அதில் நெட் அல்லது செட் தேர்ச்சி, வெளியான கட்டுரைகள், கருத்தரங்குகள் எல்லாம் முழுமையாக வர வேண்டும், பக்கக் கணக்கு பார்ப்பதில்லை.

படி 1: விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள்

வேலை விளம்பரத்தைப் பிரின்ட் எடுங்கள், அல்லது ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டாயம் வேண்டும் என்று சொன்னவற்றை ஒரு கோடு, இருந்தால் நல்லது என்றவற்றை இன்னொரு கோடு என அடிக்கோடிடுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை நீங்கள் எங்கே செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கட்டாயப் பட்டியலில் பாதிக்கு மேல் எதிரே எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்த வேலைக்கு இப்போது விண்ணப்பிப்பதில் பயன் குறைவு. ஒன்றிரண்டு மட்டும் குறைகிறது என்றால் தயங்காமல் அனுப்பலாம். விளம்பரத்தில் எழுதிய எல்லாம் உள்ள ஆள் கிடைப்பது அரிது என்பது ஆள் எடுப்பவர்களுக்கும் தெரியும்.

பதவியின் பெயரைக் கூர்ந்து பாருங்கள். கோவைப் பக்கம் சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) வேலை விளம்பரங்களில் ஆப்பரேட்டர், செட்டர், புரோகிராமர் என்று மூன்று சொற்கள் வரும். மூன்றுக்கும் சம்பளம் வேறு. டூல் ஆஃப்செட் போட்டு முதல் பீஸ் எடுத்துக் கொடுப்பவர் செட்டர். ஆனால் அவருடைய ரெஸ்யூமேவில் ‘சிஎன்சி ஆப்பரேட்டர்’ என்று மட்டும் இருந்தால், செட்டர் தேடுபவரின் கண்ணில் அது படாது. பழைய கம்பெனி கொடுத்த பதவிப் பெயரை மாற்றக் கூடாது. அதற்குக் கீழே முதல் வரியிலேயே ‘ஃபானக் கன்ட்ரோல் விஎம்சியில் செட்டிங்கும் ஆப்பரேட்டிங்கும்’ என்று எழுதிவிடலாம்.

படி 2: எழுதும் முன் தகவல்களைக் கொட்டி வையுங்கள்

எழுத உட்கார்ந்ததும் டெம்ப்ளேட் தேடுவதுதான் பலரும் செய்வது. அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் ஒரு வெற்றுத் தாளில் இவற்றைச் சேருங்கள்:

ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி. நினைவிலிருந்து எழுத வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரிலீவிங் லெட்டர், பிஎஃப் கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரி மூன்றையும் வைத்துப் பாருங்கள். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணில் நுழைந்தால், முன்னாள் கம்பெனி உங்கள் விலகல் தேதியை என்னவென்று பதிந்திருக்கிறது, பதிந்திருக்கிறதா என்பதே தெரிந்துவிடும். சில இடங்களில் விலகிய தேதியைப் போடாமலே விட்டிருப்பார்கள். புது கம்பெனியின் சரிபார்ப்பில் அது ‘ஒரே நேரத்தில் இரண்டு வேலை’ என்று தெரியும். வேலை தேடும்போதே அதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

அடுத்து எண்கள். மாதம் எத்தனை பில், ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ், எத்தனை வாடிக்கையாளர், எத்தனை பேர் குழு, என்ன மெஷின், என்ன சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன். சரியான எண் தெரியாவிட்டால் ‘சுமார்’ போட்டு நியாயமான எண் எழுதலாம். கேட்டால் அந்தக் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அப்பாவின் மளிகைக் கடையில், சித்தப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் பார்த்த வேலையையும் இந்தத் தாளில் சேருங்கள். ஸ்டாக் எடுத்தது, மொத்த வியாபாரியிடம் ஆர்டர் போட்டது, கடன் நோட்டைப் பராமரித்தது எல்லாம் வேலைதான். விற்பனை, ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ் வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் ஃப்ரெஷர் இதை மறைப்பது வீண் கூச்சம்.

படி 3: வேலை அனுபவத்தை வரி வரியாக எழுதுதல்

நேரத்தில் பாதியை இந்தப் பகுதிக்கு ஒதுக்குங்கள். தற்போதைய வேலை மேலே, பழையது கீழே. ஒவ்வொரு வேலைக்கும் தலைப்பு வரியில் பதவி, கம்பெனி, ஊர், மாதம்–வருடம் முதல் மாதம்–வருடம் வரை. வருடத்தை மட்டும் போட்டால் எதையோ மறைக்கிறார் என்ற எண்ணம்தான் வரும். கம்பெனி பெயர் வெளியே தெரியாதது என்றால் ‘பின்னலாடை ஏற்றுமதி, சுமார் 200 தொழிலாளர்கள்’ என்று நான்கு சொல் சேர்த்துவிடுங்கள். தற்போதைய வேலைக்கு நான்கு முதல் ஆறு வரி, அதற்கு முந்தையதற்கு மூன்று, அதற்கும் முந்தையதற்கு ஒன்றிரண்டு போதும்.

ஒரு வரி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று வருடம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருப்பவர் பொதுவாக எழுதுவது இதுதான்: ‘ரெஸ்பான்சிபிள் ஃபார் அக்கவுண்ட்ஸ் ஒர்க் அண்ட் ஜிஎஸ்டி.’ இதிலிருந்து அவருக்கு என்ன தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பில் ஃபைல் பண்ணும் பையனும் இதையே எழுதலாம், ஆடிட்டரும் எழுதலாம். அவரிடம் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். எதில் என்ட்ரி போடுகிறீர்கள்? டாலி பிரைம். மாதம் எத்தனை? சுமார் 350. என்ன மாதிரி பில்? நூல், டையிங், நிட்டிங், பிரின்டிங் ஜாப் ஒர்க் பில்கள். ஜிஎஸ்டியில் உங்கள் கை எதுவரை? 14-ம் தேதி 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்) வந்ததும் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, வராத பில்லுக்கு சப்ளையரைக் கூப்பிடுவேன். 3பி என்ற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்வது ஆடிட்டர் ஆபீஸ். இப்போது எழுதலாம்:

‘டாலி பிரைமில் மாதம் சுமார் 350 பர்ச்சேஸ், ஜாப் ஒர்க் பில்களைப் பதிவு செய்தல், ஜாப் ஒர்க் பில்களில் டிடிஎஸ் கணக்கிடுதல்.’

‘ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டிஆர்-2பியுடன் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு சப்ளையர்களிடம் தொடர்ந்து பேசி முடித்தல்.’

‘ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கலுக்கான பட்டியலை எக்செலில் தயாரித்து ஆடிட்டர் அலுவலகத்துக்கு அனுப்புதல்.’

மூன்றாவது வரியில் ‘தாக்கல் செய்தல்’ என்று போடாமல் ‘தயாரித்து அனுப்புதல்’ என்று நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். அங்கே ஒரு சொல்லைக் கூட்டியிருந்தால் ‘போர்ட்டலில் 3பி போடும்போது ஐடிசி (உள்ளீட்டு வரி வரவு) எந்த டேபிளில் வரும்’ என்று கேள்வி வரும். இரண்டாவது வரியிலிருந்து வரக்கூடிய கேள்வி, ‘2பியில் வராத பில்லுக்கு ஐடிசி எடுப்பீர்களா’ என்பது. மாதா மாதம் இந்த வேலையைப் பார்ப்பவருக்கு, 2022 ஜனவரியிலிருந்து அப்படி எடுக்க முடியாது என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தெரிந்த கேள்வியை வரவழைப்பது இப்படித்தான்.

மற்ற வேலைகளுக்கும் இதே முறை. ஆடை ஏற்றுமதியில் மெர்சன்டைசர் என்றால் ஒரு சீசனில் எத்தனை ஸ்டைல், எந்த நாட்டு பையர்கள், ஃபிட் சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை முழுக்கவா அல்லது சாம்பிளிங் மட்டுமா. சிஎன்சி என்றால் கன்ட்ரோல், பாகத்தின் பெயர், பிடிக்கும் டாலரன்ஸ், பயன்படுத்தும் அளவுக் கருவிகள். விற்பனை என்றால் ஏரியா, எத்தனை டீலர், டார்கெட்டில் எவ்வளவு முடித்தீர்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஐ’ வேண்டாம், வினைச்சொல்லில் தொடங்குங்கள். விட்டுவந்த வேலைக்கு இறந்தகாலம், இருக்கும் வேலைக்கு நிகழ்காலம். ஒரே பக்கத்தில் இரண்டும் கலந்து கிடப்பது சாதாரணமாகக் காணும் பிழை. குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள். பையரின் விலை, வாடிக்கையாளர் பட்டியல் போன்ற உள் விவரங்களை எழுதக் கூடாது. பழைய கம்பெனி ரகசியத்தை இங்கே கொட்டுபவர் நாளை நம் ரகசியத்தையும் கொட்டுவார் என்றுதான் நினைப்பார்கள்.

இன்று பலரும் ஏஐ கருவியிடம் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். இலக்கணம் திருத்த அது நல்ல உதவி. ஆனால் நீங்கள் சொல்லாத சதவீதங்களை அது தானாகச் சேர்த்துவிடும். ‘ஸ்பியர்ஹெடட்’, ‘லெவரேஜ்டு’ என்று நீங்கள் வாயால் ஒருநாளும் சொல்லாத சொற்களையும் போடும். நேர்காணலில் ஒரு வரியைச் சத்தமாகப் படித்து ‘இதை விளக்குங்கள்’ என்றால் திணறுவீர்களா என்று ஒவ்வொரு வரியையும் சோதியுங்கள்.

படி 4: அனுபவம் இல்லாதவர் புராஜெக்டை எழுதும் விதம்

ஃப்ரெஷருக்கு அனுபவத்தின் இடத்தில் புராஜெக்டும் இன்டர்ன்ஷிப்பும் வருகின்றன. புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவை பல என்பது நேர்காணல் எடுப்பவருக்குத் தெரியாததல்ல. முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் புராஜெக்டை அவர் ஏகப்பட்ட ரெஸ்யூமேக்களில் பார்த்திருப்பார். தலைப்பு பொதுவானதாக இருப்பதில் தவறில்லை. அதற்குள் உங்கள் கை பட்ட இடம் எது என்பதுதான் கேள்வி.

ஒரு புராஜெக்டுக்கு மூன்று நான்கு வரி: என்ன பிரச்சினைக்காக, எதை வைத்துச் செய்தீர்கள், நான்கு பேர் குழுவில் நீங்கள் செய்தது எது, கடைசியில் எவ்வளவு வேலை செய்தது. ‘20 மாணவர்களின் படங்களை வைத்துச் சோதித்தோம், வெளிச்சம் குறைந்தால் தவறியது’ என்று ஒரு குறையைச் சொல்வது அந்த வேலையை நீங்களே பார்த்ததற்கு நல்ல அடையாளம். மென்பொருள் வேலை என்றால் கிட்ஹப் இணைப்பைக் கொடுக்கலாம். ஆனால் அதைத் திறந்தால் எப்படி இயக்குவது என்று பத்து வரி விளக்கமாவது இருக்க வேண்டும். காலி ரெப்பாசிட்டரிக்கு இணைப்பு கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

ஐந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங்கை ஐந்து நாள் என்றே எழுதுங்கள். அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் ஒரு வருடம் பயிற்சி முடித்திருந்தால் அதை அனுபவப் பகுதியிலேயே ‘அப்ரென்டிஸ்’ என்று குறிப்பிட்டு, வேலைக்கு எழுதுவதைப் போலவே வரி வரியாக எழுதுங்கள். ஒரு வருட ஷாப் ஃப்ளோர் அனுபவத்தைச் சான்றிதழ்கள் வரிசையில் ஒற்றை வரியாக முடக்குபவர்கள் நிறையப் பேர்.

சான்றிதழ்களில் ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். நேரில் போய்த் தேர்வு எழுதி வாங்கும் என்பிடெல் சான்றிதழுக்கும், இரண்டு மணி நேர வீடியோ பார்த்தால் வரும் சான்றிதழுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். முதல் வகையை மதிப்பெண்ணோடு போடுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் படித்தது என்றால் பாடத்தின் பெயரை எழுதுங்கள், திட்டத்தின் பெயர் மட்டும் எதையும் சொல்லாது. அலுவலக வேலைக்குத் தட்டச்சு லோயர், ஹையர் தேர்ச்சி இன்றும் பயன்படும்.

படி 5: திறன்கள்

சி, சி++, ஜாவா, பைதான், எச்டிஎம்எல், எஸ்க்யூஎல் என்று ஒரே வரியில் அடுக்கினால், நேர்காணல் எடுப்பவர் அவற்றில் உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்ததைத்தான் சரியாகப் பிடிப்பார். நன்றாகத் தெரிந்தது, அறிமுகம் உள்ளது என்று இரண்டாகப் பிரியுங்கள். விளம்பரத்தில் முதலில் கேட்டதை முதலில் வையுங்கள்.

‘எம்எஸ் ஆஃபிஸ்’ என்பது திறனே அல்ல என்று சொல்லுமளவுக்குத் தேய்ந்துபோன சொல். ‘எக்செல்: பிவட் டேபிள், விலுக்கப், சம்இஃப்ஸ்’ என்றால் அர்த்தம் உண்டு. ‘ஹார்ட் ஒர்க்கிங்’, ‘குயிக் லேர்னர்’, ‘டீம் பிளேயர்’ மூன்றையும் தயங்காமல் அழித்துவிடலாம். நட்சத்திரம் வரைந்தோ பட்டையில் 80 சதவீதம் என்று நிரப்பியோ திறனைக் காட்டுவதும் வேண்டாம். பைதானில் 80 சதவீதம் என்றால் மீதி 20 எது என்று கேட்டால் பதில் கிடையாது.

மொழிகளில் பேச, படிக்க, எழுத என்று பிரித்துச் சொல்லுங்கள். ஓசூரில் கன்னடமும் தெலுங்கும், விற்பனை வேலைக்கு இந்தியும் சில நேரம் பட்டத்தைவிட அதிகம் கைகொடுக்கும்.

படி 6: படிப்பு, மதிப்பெண், அரியர்

ஃப்ரெஷர் என்றால் படிப்பு மேலே வரலாம். இரண்டு வருடம் அனுபவம் ஆனதும் கீழே போய்விடட்டும். பட்டம், பிரிவு, கல்லூரி, முடித்த வருடம், சிஜிபிஏ. சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றச் சொன்னால் மட்டும் மாற்றுங்கள். அதற்கான சூத்திரம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். 10, 12-ம் வகுப்பு மதிப்பெண்கள் ஃப்ரெஷருக்குத் தேவை, ஏனென்றால் ‘எல்லாவற்றிலும் 60 சதவீதம்’ என்று வடிகட்டும் நிறுவனங்கள் உண்டு. ஐந்து வருட அனுபவக்காரருக்கு அவை தேவையில்லை.

அரியர் வைத்து எழுதி முடித்த கதையை ரெஸ்யூமேவில் எழுத வேண்டியதில்லை. இப்போதும் அரியர் நிலுவையில் இருக்கிறது என்றால், விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அது எப்படியும் வெளிவரும்.

படி 7: இடைவெளி

நம் ஊரில் இடைவெளிக்குப் பொதுவான காரணம் போட்டித் தேர்வு. டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்று இரண்டு மூன்று வருடம் படித்துவிட்டுத் தனியார் வேலைக்கு வருபவர்கள் அந்த வருடங்களைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அது தேவையற்ற பயம். ‘2022 ஜூன் – 2024 மே: அரசுப் போட்டித் தேர்வுத் தயாரிப்பு’ என்று ஒரே வரி போதும். முதல்நிலைத் தேர்வில் தேறியிருந்தால் அதையும், பகுதி நேரமாக டியூஷன் எடுத்திருந்தால் அதையும் சேருங்கள். ஆள் எடுப்பவரின் உண்மையான கவலை, சேர்ந்த ஆறாவது மாதத்தில் அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்ததும் கிளம்பிவிடுவீர்களோ என்பதுதான். அதற்கான பதிலை நேர்காணலுக்கு முன் மனதில் முடிவு செய்துகொள்ளுங்கள். அண்மையில் முடித்த ஒரு டாலி கோர்ஸோ, துறை சார்ந்த சான்றிதழோ ரெஸ்யூமேவில் இருந்தால் அந்தப் பதிலுக்கு பலம் கூடும்.

குழந்தை வளர்ப்பு, வீட்டில் பெரியவரின் உடல்நலம் என்றால் ‘குடும்பப் பொறுப்பு’ என்ற இரண்டு சொல் போதும். விவரம் சொல்லத் தேவையில்லை.

இடைவெளியை அடைக்கப் போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சிகள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். பிஎஃப் பதிவு, சம்பள வரவு காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட், முன்னாள் கம்பெனியின் எச்ஆருக்கு ஒரு மெயில் ஆகியவற்றில் எது ஒன்றும் அதைக் காட்டிக்கொடுக்கும். வேலையில் சேர்ந்த பிறகு தெரிய வந்தாலும் அனுப்பிவிடுவார்கள். அப்போது கையில் இருப்பது முன்பைவிடப் பெரிய இடைவெளி.

படி 8: மேல்பகுதியைக் கடைசியில் எழுதுங்கள்

பெயரில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு, பான் கார்டில் அப்பா பெயரை விரித்து, ஆதாரில் இன்னொரு விதமாக என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். ரெஸ்யூமேவில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுங்கள். கார்த்திக் என்பவர் ‘எஸ். கார்த்திக்’ என்று இனிஷியலை முன்னால் போட்டால், பல இணைய விண்ணப்பங்கள் ‘எஸ்’ஸை முதல் பெயராக எடுத்துக்கொண்டு ‘டியர் எஸ்’ என்று மெயில் அனுப்பும். ‘கார்த்திக் எஸ்’ என்று பின்னால் போடுவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும். ஆவணங்களில் பெயர் வேறுபட்டால் வேலை தேடும் காலத்திலேயே திருத்த விண்ணப்பித்துவிடுங்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு ஓடுவது கஷ்டம்.

பெயருக்குக் கீழே ஒரே வரியில் மொபைல் எண், மின்னஞ்சல், பகுதியும் ஊரும், லிங்க்ட்இன் இணைப்பு. கதவு எண், தெருப் பெயர் தேவையில்லை. ஆனால் ‘வேளச்சேரி, சென்னை’ என்ற அளவு வேண்டும். ஒரகடம் வேலைக்கு மணலியிலிருந்து தினமும் வருவாரா என்று பார்ப்பார்கள். ஊர் மாறத் தயார் என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். மின்னஞ்சல் பெயரில் ‘தல’, ‘தளபதி’, ‘கிங்’ வேண்டாம், புதிதாக ஒன்று தொடங்க ஐந்து நிமிடம்தான்.

அதன் கீழே மூன்று வரிக்கு மிகாத சுருக்கம். ‘டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்’ என்று தொடங்கும் பழைய கேரியர் அப்ஜெக்டிவ் வாக்கியத்தை ஆள் எடுப்பவர்கள் படிப்பதே இல்லை. அதற்குப் பதில்: ‘பின்னலாடை ஏற்றுமதித் துறையில் 3 வருட அனுபவமுள்ள அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். டாலி பிரைம், ஜிஎஸ்டி ஒப்பீடு, ஜாப் ஒர்க் பில் சரிபார்ப்பு. நோட்டீஸ் பீரியட் 30 நாள்.’ வாங்கும் சம்பளமும் எதிர்பார்க்கும் சம்பளமும் ரெஸ்யூமேவில் வேண்டாம். விளம்பரத்தில் கேட்டிருந்தால் மெயிலில் சொல்லலாம்.

படி 9: எடுத்துவிட வேண்டியவை

அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை, உயரம், எடை, ஆதார் எண், பான் எண். கடைசி மூலையில் ‘ஐ ஹியர்பை டிக்ளேர்’ என்று தொடங்கி இடம், தேதி, கையெழுத்தோடு முடியும் உறுதிமொழியும் அநாவசியம். அந்த மூன்று வரியில் இன்னொரு வேலை அனுபவத்தை எழுதலாம். அரசு சார்ந்த நிறுவனமும் சில கல்லூரிகளும் கேட்டால் மட்டும் சேருங்கள். ‘பாட்டு கேட்பது, கிரிக்கெட்’ என்ற பொழுதுபோக்கு வரியும் வேண்டாம். மாவட்ட அளவில் ஆடியிருந்தால் அது சாதனைப் பகுதிக்குப் போகட்டும்.

புகைப்படம் ஹோட்டல், விமான சேவை, ரிசப்ஷன் வேலைகளுக்குக் கேட்பார்கள். மற்றவற்றுக்கு இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். வளைகுடா வேலைகள் மட்டும் விதிவிலக்கு. அங்கே புகைப்படம், குடியுரிமை, திருமண நிலை, பாஸ்போர்ட் காலாவதி தேதி, விசா நிலை, ஓட்டுநர் வேலை என்றால் அந்நாட்டு லைசென்ஸ் எல்லாம் எதிர்பார்ப்பார்கள். அதற்குத் தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் ஸ்கேன் பிரதியை மட்டும் முன்பின் தெரியாத ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டாம்.

படி 10: பக்கம், எழுத்து, ஃபைல்

ஏ4 அளவு. ஐந்து வருடம் வரை ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. காலிப்ரி, ஏரியல் போன்ற சாதாரண ஃபான்டில் உடல் எழுத்து 10.5 அல்லது 11, பகுதித் தலைப்பு 12 அல்லது 13, பெயர் 16 முதல் 18. நான்கு பக்கமும் ஓரம் 2 செ.மீ. அளவு. கறுப்பு எழுத்து; தலைப்புகளுக்கு ஒரே ஒரு அடர்நிறம் வேண்டுமானால் சேர்க்கலாம்.

கேன்வாவில் கிடைக்கும் இரண்டு நெடுவரிசை டெம்ப்ளேட்டுகள் பார்க்க அழகுதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் ரெஸ்யூமேவைப் படிக்கப் பயன்படுத்தும் ஏடிஎஸ் மென்பொருள் அவற்றில் சிக்கலாம். இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் சேர்த்து ஒரே வரியாகப் படித்துவிடும் ஆபத்து உண்டு. சோதிக்க எளிய வழி: பிடிஎஃபைத் திறந்து முழுவதையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் கலைந்து வந்தால் மென்பொருளுக்கும் அப்படித்தான் போகும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம், அதில் தேடினால் உங்கள் திறன் எதுவும் கிடைக்காது. ஏடிஎஸ்ஸே எல்லோரையும் நிராகரித்துத் தள்ளுகிறது என்று பரவும் பயம் மிகை. பெரும்பாலும் அதில் மனிதர்கள்தான் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள், விண்ணப்பக் கேள்விகளின் பதிலை வைத்து வடிகட்டுகிறார்கள். அதனால் விளம்பரத்தில் உள்ள அதே சொல்லை, உண்மை என்றால், பயன்படுத்துங்கள். வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைக்கும் தந்திரம் நோட்பேடில் ஒட்டியதும் அம்பலமாகிவிடும்.

பிரவுசிங் சென்டரில் டைப் செய்து வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். முன்பு வந்தவரின் ஃபைலையே திருத்திக் கொடுப்பதால் அவருடைய படிப்போ, ஊரோ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் டைட்டில், ஆத்தர் என்ற இடத்திலும் வேறு பெயர் இருக்கும். பிரவுசரில் திறக்கும்போது டேபின் மேல் அந்தப் பெயர்தான் தெரியும். இரண்டையும் மாற்றி, வேர்ட் ஃபைலையும் பென்டிரைவிலோ மெயிலிலோ வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு எழுத்து திருத்த மறுபடி அங்கே போக வேண்டும்.

ஃபைல் பெயரில் உங்கள் பெயர், பதவி, அனுபவ வருடம். ‘ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2’ என்ற பெயரில் ஃபைல் போனால், எச்ஆரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அது யாருடையது என்றே தெரியாது.

படி 11: அனுப்புதல்

வெற்று மெயிலில் ‘பிஎஃப்ஏ’ (இணைப்பைப் பார்க்கவும்) என்று மட்டும் போட்டு அனுப்புவது வாசலில் கவரை வீசிவிட்டு ஓடுவது போல. சப்ஜெக்டில் பதவி, பெயர், அனுபவம், நோட்டீஸ் பீரியட். உள்ளே ஐந்தாறு வரி: எந்த வேலைக்கு, எங்கே பார்த்தீர்கள், அவர்கள் கேட்டதில் முக்கியமான இரண்டை எங்கே செய்திருக்கிறீர்கள், எப்போது பேசலாம். நாற்பது கம்பெனி முகவரிகளை ஒரே மெயிலின் ‘டு’வில் போட்டு அனுப்பினால் நாற்பது பேருக்கும் அது தெரியும். டிரைவ் இணைப்பு அனுப்பினால் யார் வேண்டுமானாலும் திறக்கும்படி அனுமதி மாற்றுங்கள். அனுமதி கேட்டுக் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை, ஃபைலாகவே இணைப்பது மேல்.

நௌக்ரி வேலைத் தளத்தில் புரொஃபைல் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது உள்ளே போய் ஏதாவது ஒன்றைப் புதுப்பியுங்கள். சமீபத்தில் இயங்கியவர்களை மட்டும் பார்க்கும் வசதி ஆள் தேடுபவர்களுக்கு உண்டு. அங்கும் லிங்க்ட்இன்னிலும் உள்ள தேதிகள் ரெஸ்யூமேவோடு ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பத்துக்கோ, ரெஸ்யூமேவைப் பதிவு செய்யவோ பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, ஒரு எக்செல் ஷீட். கம்பெனி, பதவி, அனுப்பிய தேதி, ரெஸ்யூமேவின் எந்தப் பிரதி, விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் எங்கே இருக்கிறது. மூன்று வாரம் கழித்து வரும் அழைப்பில் ‘எந்தக் கம்பெனி சார்?’ என்று நீங்கள் கேட்கும் நிலை வரக் கூடாது. அதற்குள் விளம்பரத்தையும் இணையத்திலிருந்து எடுத்திருப்பார்கள், அவர்கள் என்ன கேட்டிருந்தார்கள் என்று பார்க்க உங்களிடம் அந்த ஸ்க்ரீன்ஷாட் மட்டுமே இருக்கும்.